கரண்ட் இனாமாக வந்ததல்ல! கோட்டுக்கு வெளியே நிற்பவரைக் கூப்பிடாமல் இனி போராட்டம் இல்லை!

  

"விவசாயிக்கு என்னய்யா குறை, கரண்ட் இலவசம்" என்று தென்காசி டீக்கடையில் ஒருத்தர் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டு வருகிற நம்ம பையன்களும் அதையே சொல்லுதாங்க. "அண்ணாச்சி, அரசாங்கம் சும்மா கொடுக்குறத எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், அதுக்கு எதுக்கு கொடி பிடிக்கணும்?" என்று போன மாதம் ஒரு தம்பி என்னிடமே கேட்டான். படித்த பையன். கோபம் வரவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது நம்ம பொறுப்பு. அதற்காகத்தான் இந்த நோட்டீஸ் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கமலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலம் போய், கடன் வாங்கிக் கிணறு வெட்டி, மோட்டார் மாட்டினோம். மோட்டார் வைக்கச் சொன்னதே அரசாங்கம்தான். வைத்து முடித்ததும் கட்டணத்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். 1970-ல் யூனிட்டுக்கு 10 பைசா. கோவை விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்தார்கள். அந்த வருஷம் ஜூன் 19-ந் தேதி பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். கட்டணம் எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஒரு பைசா! பத்து ஒன்பது ஆயிற்று. மூன்று உயிருக்கு ஒரு பைசா.

1972-ல் மறுபடி ஏற்றினார்கள். இந்தத் தடவை மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் கோவை நகரத்துத் தெருக்களில் நிறுத்திவிட்டார்கள். பட்டணம் நின்று போயிற்று. ஜூலை 5-ந் தேதி பந்த். துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் பலி. சேலம் ஜில்லா பெத்தநாயக்கன்பாளையத்தில்தான் உயிர்ச்சேதம் அதிகம். ஒவ்வொரு ஜூலை 5-ந் தேதியும் நாம் அஞ்சலி செலுத்துவது அவர்களுக்காகத்தான். ஏற்றிய கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் அப்போதும் குறைத்தார்கள். 1978-ல் வேடசந்தூர். அங்கேயும் சூடு, அங்கேயும் சாவு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். சங்கரன்கோவில் பக்கம் குறிஞ்சாக்குளம். 1980 டிசம்பர் 31. ஊரெல்லாம் புது வருஷத்துக்குக் காத்திருந்த நாளில் அங்கே விவசாயிகள் மேல் குண்டு பாய்ந்தது. அப்போது நான் சின்னப் பள்ளிக்கூடத்துப் பையன். வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது நினைவில் இருக்கிறது. கடன் பாக்கிக்கு அண்டா குண்டாவைத் தூக்குவது, கதவைக் கழற்றுவது, மோட்டாருக்கு லைனைத் துண்டிப்பது என்று ஜப்தி நடந்த காலம் அது. இன்றைக்கு அந்தக் குறிஞ்சாக்குளம் நம்ம தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறது. நம்ம பையன்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர் இந்தக் காரணத்துக்காகத் தெரியும்?

இத்தனைக்கும் பிறகுதான் 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மட்டும் கட்டணத்தை ரத்து செய்தது. அந்த வருஷம் டிசம்பர் 21-ந் தேதி நாராயணசாமி நாயுடு நம்ம கோவில்பட்டியில் வைத்துத்தான் காலமானார். 1990-ல் கலைஞர் அரசு எல்லா விவசாயிக்கும் என்று ஆக்கியது. 2003-ல் ஜெயலலிதா அரசு அதை எடுத்துப் பார்த்தது. குதிரைசக்திக்கு இத்தனை ரூபாய் என்று போட்டு, சிறு விவசாயிக்கு மணியார்டரில் திருப்பித் தருகிறோம் என்றார்கள். 2004 மே மாதம் பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்த்து 40 தொகுதியும் போயிற்று. சில நாளிலேயே உத்தரவு திரும்பி வந்துவிட்டது. கொடுத்த கட்சியும் உண்டு, எடுத்த கட்சியும் உண்டு. எந்தக் கட்சிக்கும் நாம் கோயில் கட்ட வேண்டியதில்லை.

இனாம் என்கிற சொல்லுக்கு இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது வேறு. 1984 உத்தரவை இன்னொரு தடவை பாருங்கள். "சிறு விவசாயிகளுக்கு மட்டும்." சேர்ந்து போராடியவர்களின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே வந்தவன் வீட்டுக்குப் போனான். வெளியே நின்றவன் இன்னும் ஆறு வருஷம் நின்றான். சிறு விவசாயிக்கு முதலில் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, நாமே சிறு விவசாயிகள்தானே. அரசாங்கம் ஒரு கோரிக்கைக்கு இறங்கி வரும்போது கோட்டை எங்கே போடுகிறது, யாரை வெளியே விடுகிறது என்று பார்க்கிற கண் நமக்கு வேண்டும் என்கிறேன்.

இந்த வேலையை நம்ம கோட்டையில் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் அவன் சொந்த நாட்டு ஏழைகளிடம் இருநூறு வருஷத்துக்கு முன்னே செய்து பார்த்த வேலை இது. "இங்கிலீஷ்காரன் கதை நமக்கு எதுக்கு வே?" என்று கேட்பீர்கள். அந்தக் கதையில் நம்ம சீமைப் பணமும் கிடக்கிறது, அதனால் கேளுங்கள்.

அப்போது இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பழைய சேரம் என்று ஒரு தொகுதி. ஆள் குடியிருக்காத வெறும் மேடு. அதற்கு இரண்டு உறுப்பினர்கள்! பஞ்சாலைகள் நிறைந்த மான்செஸ்டர் பெரும் பட்டணம். அதற்குத் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. மேட்டுக்கு ரெண்டு, பட்டணத்துக்குச் சைபர். அந்த மேட்டை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் யார்? தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, இங்கே ஒரு பெரிய வைரத்தை வாங்கி ஐரோப்பாவில் விற்றுப் பணம் பார்த்தவர். அவர் பேரன் பின்னால் இங்கிலாந்தையே நடத்தினார். அவர் முதலில் உறுப்பினரானது அந்த ஆளில்லாத மேட்டிலிருந்துதான், 1735-ல். இன்னொருவர் பால் பென்ஃபீல்டு. சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டவர். 1780-ல் அவரும் நாடாளுமன்ற உறுப்பினர். நவாப் அந்தக் கடனை எங்கேயிருந்து கட்டுவார்? அவர் சீமையின் நிலவரியிலிருந்து. திருநெல்வேலிச் சீமையும் அதில் அடக்கம். வரி நெருக்கடி பாளையங்களின் கழுத்தை நெரித்து, 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது வரை போன கதை உங்களுக்குத் தெரியும். இங்கே உழுதவன் கட்டிய வரியில் அங்கே ஒருத்தன் ஆசனம் வாங்கினான்.

அந்த ஆசனக்காரர்கள் 1815-ல் ஒரு தானியச் சட்டம் போட்டார்கள். உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டர் 80 ஷில்லிங் விலைக்கு ஏறுகிற வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரக்கூடாது. கேட்க நமக்கு இனிக்கும், விளைபொருளுக்கு விலைதானே என்று. ஆனால் அந்த விலை உழுதவன் கைக்கு வரவில்லை. நிலப்பிரபுவின் குத்தகைப் பணத்தில் போய் உட்கார்ந்தது. கூலிக்காரன் ரொட்டி வாங்க முடியாமல் தவித்தான்.

1819 ஆகஸ்ட் 16. மான்செஸ்டரில் செயின்ட் பீட்டர்ஸ் மைதானம். ஓட்டுரிமை கேட்டு சுமார் 60,000 பேர் பெண்டு பிள்ளைகளோடு நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து கூடினார்கள். ஆயுதம் கிடையாது. ஹென்றி ஹண்ட் பேச எழுந்ததும் குதிரைப்படையைக் கூட்டத்துக்குள் விட்டார்கள், வாளோடு. ஒரு குழந்தை உட்படப் பதினெட்டுப் பேர் வரை சாவு, நூற்றுக்கணக்கில் காயம். நாலு வருஷத்துக்கு முன் நெப்போலியனை வென்ற வாட்டர்லூவைக் கேலி செய்து ஜனங்கள் இதற்குப் "பீட்டர்லூ" என்று பேர் வைத்தார்கள். சுட்ட பிறகு, வெட்டிய பிறகு, அரசாங்கம் என்ன செய்யும்? அதே வருஷக் கடைசியில் ஆறு சட்டம் கொண்டு வந்தார்கள். 50 பேருக்கு மேல் கூடிப் பேசக் கட்டுப்பாடு, பத்திரிகைக்கு வரி, இப்படி. இங்கே நமக்கு 144 போட்டுக்கொண்டிருந்தார்களே, அதன் பெரியப்பன்.

பிறகு 1830. இது முழுக்க கிராமத்துக் கதை. தென் இங்கிலாந்தில் விவசாயக் கூலிகளுக்குப் பனிக்காலத்தில் இருந்த ஒரே பிழைப்பு கையால் கதிரடிப்பது. அதற்கும் மிஷின் வந்துவிட்டது. கென்ட் பக்கம் ஆகஸ்ட் கடைசியில் முதல் மிஷினை உடைத்தார்கள். ஊர் ஊராகப் பரவியது. பண்ணைக்காரர்களுக்குக் "கேப்டன் ஸ்விங்" என்று கையெழுத்துப் போட்டு மிரட்டல் கடிதம் போயிற்று. அப்படி ஓர் ஆளே கிடையாது! அரசாங்கம் தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பலர் பெண்டாட்டி பிள்ளைகளை மறுபடி பார்க்கவேயில்லை. (நம்ம வயலில் அறுவடை மிஷின் இறங்கி எத்தனை வருஷமாயிற்று, அறுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் இப்போது எங்கே போகிறார்கள் என்று நாம் யாரும் ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. இதை எழுதும்போது அதுவும் மனதில் ஓடுகிறது.)

தீ வரப்பு வரப்பாக வந்ததும் மேலே இருந்தவர்களுக்கு நடுக்கம். கிரே பிரபுவின் அரசு 1831-ல் சீர்திருத்த மசோதா கொண்டு வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் மெக்காலே, பின்னால் இங்கே வந்து இங்கிலீஷ் படிப்பைப் புகுத்தியவர். அவர் வாதம் ஒளிவுமறைவு இல்லாதது. இருக்கிற அமைப்பு காப்பாற்றப்பட வேண்டுமானால் சீர்திருத்தம் செய்தாக வேண்டும். நடுத்தர வர்க்கத்தை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கீழே இருப்பவர்களோடு சேர்ந்துவிடுவார்கள். யாரைச் சேர்ப்பதில் ஆபத்து இல்லையோ அவர்களைச் சேர்ப்போம். இதுதான் சாரம். நம்ம தலைவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்வதை அந்த மனுஷன் சபையிலேயே சொன்னார். அந்த மட்டுக்கு மரியாதை.

பிரபுக்கள் சபை 1831 அக்டோபரில் மசோதாவைத் தள்ளியது. பிரிஸ்டல் நகரம் மூன்று நாள் எரிந்தது, நாட்டிங்ஹாம் கோட்டையைக் கொளுத்தினார்கள். அதன் பிறகே 1832 ஜூனில் சட்டம் ஆயிற்று. பழைய சேரம் ஒழிந்தது, மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர் கிடைத்தார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டு யாருக்கு? நகரத்தில் வருஷம் 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் இருப்பவனுக்கு. கிராமத்தில் வருஷம் 50 பவுண்டு கட்டுகிற பெரிய குத்தகைக்காரனுக்கு. இங்கிலாந்தில் வயது வந்த ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் கோட்டுக்குள் வந்தார். பெண்களுக்கு இல்லை என்பதைச் சட்டத்திலேயே "ஆண்" என்று எழுதி உறுதி செய்தார்கள். மைதானத்தில் வெட்டுப்பட்டவன், மிஷினை உடைத்துக் கப்பலேறியவன், எல்லாரும் வெளியே.

வெளியே விடப்பட்டவன் கதி என்ன ஆயிற்று என்பதற்கு இரண்டே வருஷம் போதுமாக இருந்தது. 1834-ல் அந்தச் சீர்திருத்த நாடாளுமன்றமே ஏழைகள் சட்டம் ஒன்று போட்டது. இனி உதவி வேண்டுமென்றால் வேலைவிடுதிக்குள் போய் அடைபட்டுக் கிட, புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று. அதே வருஷம் டால்படில் என்கிற சின்னக் கிராமத்தில் ஆறு விவசாயக் கூலிகள். வாரக் கூலியை ஒன்பது ஷில்லிங்கிலிருந்து எட்டு, ஏழு என்று குறைத்து, இன்னும் குறைப்போம் என்றதும் சங்கம் ஆரம்பித்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. அதனால் ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று ஒரு பழைய சட்டத்தைத் தேடிப் பிடித்து ஏழு வருஷம் நாடு கடத்தினார்கள். லட்சக்கணக்கில் கையெழுத்து, லண்டனில் பெரும் ஊர்வலம், அதன் பிறகு 1836-ல் மன்னிப்பு. ஆறு பேர், ஒரு குக்கிராமம். நம்ம ஊர்க் கிளை ஆரம்பித்தபோது இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் பேர் இருந்தோம்.

அந்தச் சீர்திருத்தம் நம்ம சீமைக்கு வந்து சேர்ந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வரி கட்டாத குடியானவனைக் குனிய வைத்துக் கட்டுவது, விரலைக் கிட்டியில் வைத்து நசுக்குவது எல்லாம் சென்னை மாகாணத்தில் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. லண்டன் சபையில் பேச்சு எழுந்து, விசாரணைக் கமிஷன் போட்டு, 1855-ல் அறிக்கை வந்தது. நடந்தது உண்மை என்று ஒத்துக்கொண்டார்கள். 1859-ல் போலீஸை வருவாய் இலாகாவிலிருந்து பிரித்தார்கள். வரி நின்றதா? அது நிற்கவில்லை.

இனி நம்ம சங்கத்துக்கு வருகிறேன். கசக்கும். டில்லி எல்லையில் 2020 நவம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் வெயிலிலும் பனியிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 19-ந் தேதி பிரதமர் மூன்று சட்டத்தையும் வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். அது நம் காலத்தில் நாம் கண்ணால் பார்த்த வெற்றி. மின்சாரத் திருத்த மசோதாவும் அங்கே ஒரு கோரிக்கை. அதை 2022 ஆகஸ்டில் மக்களவையில் வைத்தார்கள், 2025-ல் இன்னொரு வரைவு விட்டார்கள். மோட்டாருக்கு மீட்டர் என்கிற பயம் போகவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் பம்ப்செட் இணைப்பு. மறுபடி கூட வேண்டிய நாள் வரும். அன்றைக்கு யார் யார் வருவார்கள்?

நம்ம சுற்று வட்டாரத்தில் பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிறவர்களை வரப்பில் நின்று எண்ணிப் பாருங்கள். பட்டா வைத்திருப்பவர் எத்தனை, குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர் எத்தனை? நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், வெளிநாட்டில் இருக்கிறார், சில இடத்தில் கோயில் நிலம். சேற்றில் நிற்கிறவன் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மின் இணைப்பு நிலக்காரர் பேரில். கூட்டுறவுக் கடன் பட்டாவுக்கு. 2019-லிருந்து வருகிற வருஷம் 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு மட்டும். சம்சாரி யார் என்று அரசாங்கம் கேட்டால் பட்டாவை நீட்டுகிறவன்தான் சம்சாரி. புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போக, உழவு முதல் அறுப்பு வரை ஒற்றையாளாகப் பார்க்கிற நம்ம பெண்கள் எத்தனை பேர்! பட்டா மாமனார் பேரில். 1832 சட்டத்தில் எழுதிய "ஆண்" இங்கே எழுதாமலே இருக்கிறது.

குத்தகைக்காரருக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்கிற சட்டம். ஆனால் பதியப் போனால் அடுத்த பூவுக்கு நிலம் கிடையாது என்று சொந்தக்காரர் சொல்கிறார். வாய்ப்பேச்சில் ஓடுகிறது குத்தகை. மழையில் பயிர் போனால் நிவாரணம் யார் கணக்குக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

நம்ம கமிட்டியிலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. "குத்தகைக்காரன் பேரை ஏத்துனா நிலம் கையை விட்டுப் போயிரும்" என்கிறார்கள். பொய்ப் பயம் என்று தள்ள மாட்டேன். 1955 சட்டப்படி குத்தகைக்காரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, அதனால்தான் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற விதவைகூட எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார். ஆந்திராவில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று போட்டு, 11 மாதத்துக்கு ஓர் அட்டை. நிலத்தின் மேல் எந்த உரிமையும் வராது. கடன், காப்பீடு, நிவாரணம் மட்டும் உழுகிறவருக்கு. அதிலும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. அந்த ஓட்டையை அடைத்து, கிராம நிர்வாக அலுவலர் வயலில் வந்து பார்த்து எழுதுகிற மாதிரி இங்கே கேட்போம். நிலக்காரருக்கும் நஷ்டமில்லை, உழுகிறவருக்கும் பேர் கிடைக்கும்.

இந்தக் கோரிக்கையை மின்சாரக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், நம்ம மனுவில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே பத்தோடு பதினொன்றாக அல்ல. நாளைக்கு "பட்டாதாரருக்கு மட்டும்" என்று ஓர் உத்தரவு வந்தால் நாம் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. போனால், அடுத்த தடவை மீட்டர் மாட்ட ஆள் வரும்போது தெருவில் நிற்க நம்மோடு யாரும் இருக்க மாட்டார்கள். இருக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. கூலி வேலைக்கு வருகிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து மிஷின் விஷயத்தையும் கூலியையும் பேச வேண்டும். அது இன்னும் பெரிய சண்டை, நமக்குள்ளேயே நடக்க வேண்டிய சண்டை. அதை அடுத்த நோட்டீஸில் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒரு வேலை. குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவர்கள் உங்கள் பேர், சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், எத்தனை வருஷமாக, என்ன பயிர், போன வெள்ளத்திலோ வறட்சியிலோ நிவாரணம் வந்ததா இல்லையா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். நிலக்காரர் பேர் எழுத வேண்டாம். தாளை வெளியில் காட்ட மாட்டோம், எண்ணிக்கை மட்டும் மனுவில் போகும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவோம். பெண்கள் தங்கள் பேரிலேயே எழுதுங்கள், புருஷன் பேரில் வேண்டாம். பட்டா உள்ள அண்ணாச்சிமார் உங்கள் நிலத்தில் உழுகிறவரிடம் இந்த நோட்டீஸை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர், விவசாயிகள் சங்கம்,
குத்துக்கல்வலசை